ஆள் இல்லாத எலக்ட்ரிக்கல் குரூப்

1

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் பொய் சொல்கிறார்.

பதினொன்றாம் வகுப்பில் இருக்கிற தொழிற்கல்வி எலக்ட்ரிக்கல் பிரிவை இந்த வருடம் மூடப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் "சேர ஆள் இல்லை" என்கிறார். ஆள் இருக்கிறது. என் அண்ணன் மகள் சண்முகப்பிரியா இருக்கிறாள். அவளோடு பத்தாம் வகுப்பு முடித்த இன்னும் சில பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரும் இவர் மேசைக்கு முன்னால் நின்று, எலக்ட்ரிக்கல் குரூப் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டவர்கள். திருப்பி அனுப்பியவர் இவர்தான். அனுப்பிவிட்டு ஆள் இல்லை என்கிறார்.

அவர் பெயரையும் பள்ளியின் பெயரையும் நான் எழுதவில்லை. எழுதினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளைக்குத்தான் தொந்தரவு. சிவகாசிக்குப் பக்கத்தில், ஆனைக்குட்டம் அணைப் பக்கம் என்று மட்டும் சொல்கிறேன். இதைப் படித்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

நான் இருப்பது அயர்லாந்தில். ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த நர்ஸ் என்றால் இங்கே மலையாளி என்றுதான் நினைப்பார்கள். நான் தமிழ் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போது தலையை மட்டும் ஆட்டிவிடுகிறேன். சிவகாசி என்றால் ஒருவருக்கும் தெரியாது. பட்டாசு செய்கிற ஊர் என்று சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இங்கே சாதாரண ஆள் பட்டாசு வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். எங்கள் ஊரே உட்கார்ந்து செய்கிற பொருளை நான் பையில் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும்.

அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி உனக்கு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். தலைமையாசிரியரும் அதைத்தான் கேட்டார். அதற்கு முன்னால் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அதிலிருந்துதான் இந்தக் கோபம் ஆரம்பித்தது.

2

என் மகள் நிவேதாவுக்குப் பதினைந்து வயது. இங்கே நம் பத்தாம் வகுப்பு மாதிரி ஒரு பரீட்சை முடிந்ததும், மேல் வகுப்புகளுக்கு முன்னால் நடுவில் ஒரு வருடம் வருகிறது. அந்த வருடம் பெரிய பரீட்சை கிடையாது. பிள்ளைகள் சில வாரம் வெளியே போய், ஏதாவது ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று கூட இருந்து பார்த்துவிட்டு வர வேண்டும். இடத்தை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும்.

மே மாதம் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவள், "அம்மா, எனக்கு பிளேஸ்மெண்ட் கிடைச்சிருச்சு" என்றாள்.

நம் பக்கம் பிளேஸ்மெண்ட் என்றால் என்ன அர்த்தம்? இன்ஜினியரிங் காலேஜ் போர்டில் போட்டோவோடு போடுகிற விஷயம். படித்து முடிக்கும்போது கிடைக்கிற வேலை. ஒரு நொடி எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பதினைந்து வயது என்பதுகூட மறந்துவிட்டது.

"எந்த கம்பெனி?"

"டெக்லன்."

"அது என்ன கம்பெனி? கேள்விப்பட்டதில்லையே."

"கம்பெனி இல்லம்மா. டெக்லன். எலக்ட்ரீஷியன். அவர் வேன்ல கூடப் போகணும்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "நான் கடல் தாண்டி வந்து கெடந்து அல்லாடுறது, நீ பதினஞ்சு வயசுல பழகப் போறதுக்கா?" என்று கத்தினேன்.

அவள் முழித்தாள். "பழகினா என்னம்மா? அவர் நல்லவர்தான். அவர் பொண்ணு என் கிளாஸ்."

என் வீட்டுக்காரர் அடுப்படியில் நின்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோரிடமும் நன்றாகப் பழக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அந்தச் சொல்லுக்கு அவளுக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். எனக்குத் தெரிந்த இன்னொரு அர்த்தத்தை அவளுக்குச் சொன்னதே இல்லை.

3

நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், தீப்பெட்டி ஆபீசிலும் வெடி ஆபீசிலும் பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். அதிகாரி ஜீப் வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பேரைப் பின்வாசல் வழியாக ஓட்டிவிடுவார்கள். ஓட முடியாமல் மாட்டிக்கொண்ட பிள்ளையைக் காட்டி, "வேலை பாக்கலங்கய்யா, ஆத்தா கூட சும்மா பழக வந்திருக்கு" என்பார் கணக்கப்பிள்ளை. வேலை பார்த்தால் குற்றம். பழகினால் குற்றமில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இன்றைக்குப் பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. கெடுபிடி அதிகம். அது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல் போகவில்லை. இப்போதும் படிப்பை விட்டுவிட்டு வீட்டிலிருக்கிற பெண்ணைப் பார்த்தால் ஊரில் முதலில் கேட்பது "எங்கன பழகுறா?" என்றுதான். எந்தக் கம்பெனி வேலைக்குப் போகிறாள் என்று அதற்கு அர்த்தம்.

நான் பழகப் போகாமல் தப்பியது தொழிற்கல்வியால்தான். பத்தாம் வகுப்பில் என் மார்க் சுமார். விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் நர்சிங் குரூப் இருந்தது, அதில் சேர்ந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி மிளகாய் வத்தல் கமிஷன் கடைகள் இருக்கிற தெரு வழியாக நடந்து போவோம். தும்மிக்கொண்டேதான் வகுப்புக்குள் நுழைவோம். முதல் குரூப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து, "பெட் பேன் குரூப் வந்துருச்சுடி" என்பார்கள். படுத்த படுக்கையான நோயாளிக்கு வைக்கிற மலப் பாத்திரம்தான் பெட் பேன். டீச்சர்களும் அதே மாதிரிதான். வொக்கேஷனல் என்றால் மக்குப் பிள்ளைகளை உட்கார வைக்கிற இடம் என்று நினைப்பு. ஆனால் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். நாடி பார்க்கவும், நோயாளியைப் புரட்டிப் போட்டு விரிப்பு மாற்றவும் அங்கே கற்றேன். அதைத்தான் இன்றைக்கும் செய்கிறேன். அதை வைத்துத்தான் மேலே படித்தேன், பரீட்சை எழுதினேன், விமானம் ஏறினேன்.

இவ்வளவும் தெரிந்த நானே என் மகள் எலக்ட்ரீஷியனோடு போகிறேன் என்றதும் கத்தினேன். காரணம் அந்தச் சொல்.

4

பள்ளியிலிருந்து வந்த தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் நேரே பள்ளிக்குப் போனேன். அந்த வருடத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற டீச்சர் என்னைவிடச் சின்னப் பெண். அவளிடம் "என் மகளை பிராக்டிஸுக்கு அனுப்ப மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பழகுவதை நான் அப்படித்தான் மொழிபெயர்த்திருந்தேன்.

"பிராக்டிஸ் நல்லதுதானே?" என்றாள் அவள் குழம்பிப் போய்.

"எங்கள் ஊரில் நல்லதில்லை" என்றேன்.

அவள் என்னை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தாள். நான் தீப்பெட்டி ஆபீஸ் கதையைச் சொன்னேன். பாதியில் அவள் முகம் மாறிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் காப்பீடு எடுக்கும். கரண்ட் ஓடுகிற கம்பியில் கை வைக்கக் கூடாது. நடுவில் ஒரு டீச்சர் நேரில் போய்ப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் எந்த நாளும் எழுந்து வந்துவிடலாம். முடிந்ததும் வகுப்பில் நின்று, என்ன பார்த்தேன் என்று பேச வேண்டும். "இந்த வேலை எனக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டு வந்தாலும் எங்களுக்கு சந்தோஷம்தான்" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். சந்தோஷமாகப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இதனால் இந்த நாடு சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். என்னோடு வேலை பார்க்கிற ஐரிஷ் நர்ஸ் ஒருத்தி, "உன் மகள் புத்திசாலி ஆச்சே, அவளுக்கு எதற்கு வயர் வேலை? காலேஜ் போகலாமே" என்றாள். பெட் பேன் குரூப் என்று விருதுநகரில் கேட்ட அதே பேச்சு. மொழிதான் வேறு.

நிவேதா வேனில் போனாள். சாயங்காலம் முழங்கையெல்லாம் சுண்ணாம்பும் தூசியுமாக வருவாள். என்ன பார்த்தாய் என்று கேட்டால் "கிராண்ட்" என்பாள். இங்கே எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். நல்லா இருக்கேன், போதும், விடு, எல்லாம் அதுதான். என்னிடம் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் டெக்லனோடு வேனில் வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று அவர் மகள் சொல்லித் தெரிந்தது. அது எனக்கு வலித்தது. வலித்தாலும், வேலைக்குப் போகிற பிள்ளை மாதிரி இல்லாமல் எதையோ கண்டுபிடிக்கப் போகிற பிள்ளை மாதிரி காலையில் பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிறாளே என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

5

ஜூன் மாதம் மதினி போன் செய்தாள். மதினி என்றால் அண்ணன் மனைவி, சண்முகப்பிரியாவின் அம்மா. வெடி ஆபீசில் மருந்து ரூமில் வேலை. வெடிமருந்தை அடைக்கிற அறைக்கு அதுதான் பெயர்.

"என்ன தாயி, நிவேதா பிளேஸ்மெண்டு வாங்கிட்டாளாமே! தெருவே பேசிக்கிடுது. எம்புட்டு சம்பளம்?"

நான் விளக்கியதும், "அட, பழகப் போயிருக்கான்னு சொல்லு. அதுக்கா இம்புட்டு அலட்டல்" என்று சிரித்தாள்.

பிரியா என்ன குரூப் சேர்ந்தாள் என்று கேட்டேன்.

"எங்கிட்டுச் சேர? எலக்ட்ரிக்கல்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. சார் குடுக்க மாட்டேன்னுட்டாக. இப்ப சும்மா இருக்காளேன்னு அங்கன நம்ம தெருவுல வெடிப் பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போறா. பழகட்டுமே."

மதினியைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்த சொல் அதுதான். போனைப் பிரியாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

இந்தப் பிள்ளைக்கு எலக்ட்ரிக்கல் மேல் எப்படி ஆசை வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர்கள் அதைக் கையால் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கிற மின்சாரம் அந்தத் தகடு வழியாக, அதோடு சேர்த்த கம்பி வழியாக, மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லாவிட்டால் ஒரு பொறி தட்டினாலும் போதும், அப்புறம் என்ன ஆகும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மருந்து ரூமுக்கு நைலான் சேலை கட்டக் கூடாது என்பதும் இதற்காகத்தான்.

எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். கோயில் படியைத் தொடுகிற மாதிரி. மதினியும் அப்படித்தான்.

போன வருடம் ஆயுதபூஜைக்குக் குடும்பத்தோடு கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள். அம்மா தகட்டைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்து பிரியா, "ஏம்மா, இது எந்தச் சாமி?" என்று கேலி செய்திருக்கிறாள். பிறகு குனிந்து பார்த்திருக்கிறாள். தகட்டிலிருந்து இறங்குகிற கம்பி பாதியில் அறுந்து சுவரோடு தொங்கியிருக்கிறது.

ஃபோர்மேனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். "ஏலே, இந்தப் புள்ளையப் பாருடா, கம்பெனிக்கு இன்ஸ்பெக்டர் வந்திருக்கு" என்று அவர் சிரித்திருக்கிறார். மதினிக்கு வெட்கம். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கியா" என்று தொடையில் கிள்ளியிருக்கிறாள். மறுநாள் யாரோ கம்பியை முறுக்கி மாட்டிவிட்டார்கள். அது மண்ணுக்குள் சரியாகப் போகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மதினி இன்றைக்கும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறாள்.

பிரியா போனில் என்னிடம் சொன்னது இது. "அத்தை, அந்தக் கம்பி உள்ள எதுவரைக்கும் போகுது, சரியா இருக்குதா இல்லையான்னு மீட்டர் வச்சுப் பாக்கலாமாம். எங்க ஸ்கூல் லேபுலயே அந்த மீட்டர் பெட்டிக்குள்ள கெடக்கு. எனக்கு அது தெரியணும். எங்கம்மா தெனமும் உள்ள போகுது."

"ஹெட்மாஸ்டர் சார் கிட்ட இதைச் சொன்னியா?"

"சொன்னேன். 'ஒனக்கு எதுக்கும்மா கரண்டு வேலை, போஸ்ட் மரத்துல ஏறுவியா, ஆபீஸ் மேனேஜ்மெண்ட் குரூப் எடுத்துக்கோ'ன்னாக. அது எங்களுக்கு வேணாம்னு வந்துட்டோம். பயலுகள ஐ.டி.ஐ.க்குப் போகச் சொல்லிட்டாக. இப்ப ஆள் இல்லைன்னு குரூப்பையே எடுக்கப் போறாகளாம்." பிறகு கேட்டாள். "நாங்க ஆள் இல்லையா அத்தை?"

6

பள்ளிக்குப் போன் செய்தேன். பலமுறை அடித்த பிறகு தலைமையாசிரியரே எடுத்தார். காரியாபட்டியிலிருந்து தினமும் வந்து போகிறவர், சிரமம்தான். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"சண்முகப்பிரியாவோட அத்தை பேசுறேன் சார். அவ எலக்ட்ரிக்கல் குரூப் கேட்டாளாம்."

"எங்கருந்து பேசுறீங்க?"

"அயர்லாந்துல இருந்து."

"அங்கன இருந்துக்கிட்டு இங்கன நடக்குறதுக்கு விளக்கம் கேக்குறீகளாக்கும்? இங்கன வந்து ஒரு நாள் இந்த நாற்காலில உக்காந்து பாருங்க. எலக்ட்ரிக்கல் சார் ரிட்டயர் ஆகிப் போயிட்டாரு. அந்த எடத்துக்கு யாரையும் போடல. லேபப் பூட்டி வச்சிருக்கேன். நான் என்ன செய்ய?"

"அப்ப வாத்தியார் இல்லைன்னு சொல்லுங்க சார். ஏன் பிள்ளைக இல்லைன்னு சொல்றீங்க?"

"யாரு கேட்டா? ஒருத்தரும் கேக்கல."

"என் அண்ணன் மக கேட்டா. அவ கூட்டாளிக கேட்டாக."

"பொம்பளப் பிள்ளைகளச் சொல்றீகளா?" என்றார். அவர்களை எண்ணிக்கைக்கே வெளியே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அதெல்லாம் ரெண்டு நாள் ஆசை மேடம். அவுகளுக்கு எதுக்கு இது? எங்கனயாவது கொஞ்ச நாள் பழகுனா தீபாவளி சீசனுக்கு ஒரு கம்பெனில பேக்கிங்ல எடுத்துக்கிடப் போறாக. நம்ம ஊருல வேலைக்கா பஞ்சம்?"

பழகுனா. பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை சொன்னால் பிழைப்புக்குச் சொல்கிறான் என்று விடலாம். பழகப் போகாமல் பிள்ளையைப் பிடித்து வைக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். அங்கிருந்தே அனுப்பி வைக்கிறார். நான் என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. மரியாதையாகப் பேசவில்லை என்பது மட்டும் தெரியும். அவர் வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர், "விடு, அவ்வளவு தூரத்துல இருந்து நீ என்ன பண்ண முடியும்" என்றார். நிவேதா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் கத்தியதைக் கேட்டிருக்கிறாள். "அம்மா, பிரியாவை ஏன் விடமாட்டேங்கறாங்க?" என்று கேட்டாள். பிரியாவும் இவளும் ஒரே வயதுக்காரர்கள்தான். போன வருடம் வீடியோவில் பேசி, பேச ஒன்றுமில்லாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துவிட்டு வைத்தவர்கள். நான் தகட்டுக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள், "டெக்லன் ஒவ்வொரு வீட்டுலயும் முதல்ல அதைத்தான் பாப்பார். எர்த் இல்லாம வேலையே தொடங்க மாட்டார்" என்றாள். பல நாளுக்குப் பிறகு என்னோடு ஒரு முழு வாக்கியம் பேசினாள். நம் ஊர் மருந்து ரூம் வாசலைப் பற்றி.

7

இனி நேராகவே பேசுகிறேன்.

தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியர் இடம் காலி என்பது உண்மை. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. அதை அப்படியே சொல்லியிருந்தால் நான் உங்களோடு சேர்ந்து வேறு ஆட்களிடம் சண்டை போட்டிருப்பேன். நீங்கள் அதைச் சொல்லவில்லை. ஆசிரியர் வேண்டும் என்று மேலே கேட்பதைவிடப் பிள்ளைகள் இல்லை என்று சொல்வது சுலபம் என்பதால் இதைச் சொன்னீர்கள். கேட்க வந்த பிள்ளைகளைத் துரத்தினீர்கள். துரத்திய பிறகு காலி பெஞ்சைக் காட்டுகிறீர்கள்.

உங்கள் பள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி. ஒவ்வொன்றிலும் இடிதாங்கி இருக்க வேண்டும், ஒவ்வொரு மருந்து ரூம் வாசலிலும் தகடு இருக்க வேண்டும், ஒவ்வொரு தகட்டுக்குக் கீழேயும் அறுந்து போகாத கம்பி இருக்க வேண்டும். இதைப் பார்க்கத் தெரிந்த ஆள் நம் ஊருக்கு வேண்டுமா, வேண்டாமா? அந்த ரூம்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களின் மகள்கள்தான் இதைக் கற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நீங்கள் அவர்களை லேபிள் ஒட்ட அனுப்புகிறீர்கள்.

சேர்க்கை இன்னும் முடியவில்லை. பிரியா இன்னும் லேபிள்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். சீசன் சூடு பிடித்துவிட்டால் அவள் கையை விடமாட்டார்கள். மதினியும் விடமாட்டாள்.

எனக்குப் போனில் பதில் வேண்டாம். மதினியைக் கூப்பிட்டுத் தனியாகச் சமாதானம் சொல்லவும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் போடுவீர்கள், பெற்றோர்கள் வருவார்கள், மைக் இருக்கும். கேட்டு வந்த அந்தப் பெண் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்கள் அம்மாக்களும் லீவு போட்டுவிட்டு வருவார்கள், நான் சொல்லி வைக்கிறேன். ஆசிரியர் இல்லாததால் மூடுகிறேன் என்றால் அதை மைக்கில் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன் என்றால் அதையும் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் ஆள் இல்லை என்றுதான் சொல்வீர்கள் என்றால், பிரியா எழுந்து நின்று உங்களை ஒன்று கேட்பாள். என்னிடம் கேட்டதுதான்.

"நாங்க ஆள் இல்லையா சார்?"

அதற்கு ஊர் கேட்க நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.